மருந்துச் சீட்டு தமிழில் வேண்டும்!

மேற்குத் தொடர்மலையின் அடிவாரத்தில், சிவகிரிக்கும் வாசுதேவநல்லூருக்கும் அணுக்கமாக அமைந்த ஊர் இராயகிரி. முன்னாளில் சங்கரன்கோவில் வட்டத்தைச் சேர்ந்திருந்தது. இந்நாளில் தென்காசி மாவட்டத்துச் சிவகிரி வட்டத்தில் அடங்கிய பேரூராட்சி. சென்ற நளி(கார்த்திகை)த் திங்களில், பிசான நடவு முடியுந் தறுவாயில், அவ்வூரில் நாம் தங்கியிருந்த வீட்டு வாயிலுக்கு அறுபதை எட்டிய மூதாட்டியொருவர் வந்தார். காலிற் சேறு காயவில்லை. மடியிலிருந்து நான்காக மடித்த தாளொன்றை எடுத்து நீட்டினார்.

“வாத்தியாரையா, இதுல எது வெறும் வயித்துல, எது சாப்பிட்ட பெறகுன்னு கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க.”

முப்பது ஆண்டுகளாகத் தமிழ் கற்பிக்கும் நாம் அத்தாளை வாங்கினோம். மேலே பார்த்தோம், கீழே பார்த்தோம், கதிரொளியிற் பிடித்துப் பார்த்தோம். தொல்காப்பிய நூற்பாவுக்கு உரைகூறும் வாய் அங்கு ஊமையாயிற்று. எழுத்தறியாத அந்தத் தாயும் எழுத்தை விற்றுப் பிழைக்கும் நாமும் அத்தாளின் முன் ஒருதன்மையராகவே நின்றோம்.

நடந்ததை அவரே கூறினார். அவருக்கு நீரிழிவு. பக்கத்து நகரத்து மருத்துவமனையொன்றில் (அதன் பெயர் இங்கு வேண்டா, குறை ஒரு மனைக்கு மட்டும் உரியதன்று) இருவகை மாத்திரைகள் எழுதித் தந்திருந்தனர். ஒன்று உணவுக்குச் சற்று முன் உண்ணற்குரியது. உண்டபின் உணவு கட்டாயம் வேண்டும். மற்றொன்று உணவுக்குப் பின்னையது. கூட்ட நெரிசலில் யார் என்ன சொன்னார்கள் என்பது அவர் நினைவில் நிற்கவில்லை. விடியுமுன் நடவுக்குப் புறப்படுபவர், இரண்டையுஞ் சேர்த்து விழுங்கிவிட்டு, பழையசோற்றைத் தூக்கில் எடுத்துக்கொண்டு வயலுக்குப் போயிருக்கிறார். முற்பகல் பத்து மணிக்கு உண்ணலாம் என்பது அவர் வழக்கம். எட்டு மணிக்கே கைகால் நடுங்கி, வியர்த்துக் கொட்டி, கண் இருண்டு வரப்பிற் சாய்ந்துவிட்டார். உடன் நட்ட பெண்கள் பதறி, நினைவு முற்றும் மங்குமுன் கருப்பட்டி நீரைக் கரைத்துப் புகட்டினர். பிழைத்தார்.

அவரைச் சாய்த்தது நோயன்று, மருந்துமன்று. மருத்துவரின் பிழை என்றுங் கூறவியலாது. எழுதவேண்டியதை அவர் எழுதியே இருந்தார். அவர் எழுதியது, உண்ணவேண்டியவர்க்குத் தெரியாத மொழியில் இருந்தது. அவ்வளவே. அந்த அவ்வளவில் ஓர் உயிர் ஊசலாடிற்று!

அம்மொழியும் ஆங்கிலமென்று எண்ணிவிடாதீர்கள், அன்பர்களே! ‘ஏ.சி.’ என்றால் உணவுக்கு முன்; ‘பி.சி.’ என்றால் உணவுக்குப் பின், ‘பி.டி.’ என்றால் நாளுக்கு இருமுறை; ‘டி.டி.எசு.’ என்றால் நாளுக்கு மும்முறை, ‘எச்.எசு.’ என்றால் உறங்கும் வேளை. இவையனைத்தும் பண்டை உரோமானியர் பேசிய இலத்தீன் மொழியின் சுருக்கங்கள். பேச்சு வழக்கொழிந்த அம்மொழியை, ஆங்கிலரும் ஐரோப்பியரும் தம் மருத்துவ மரபென்று காத்தனர். அவர்வழி நம் மருத்துவக் கல்லூரிகளுக்கு வந்தது. அங்கிருந்து இராயகிரி வரப்பு வரைக்கும் வந்து சேர்ந்தது. சேற்றிற் கால்வைத்து நெல் நடும் தமிழ்மகள் ஒரு மாத்திரையைச் செவ்வையாக உண்ண இலத்தீன் கற்றாக வேண்டும் என்னும் நிலை உலகில் வேறெங்கேனும் நகைப்புக்கு உரியதாயிருக்கும். இங்கோ, அஃது இயல்பென்று கருதப்படுகிறது.

நாட்டுப்புற மக்களுக்கு மருத்துவம் எட்டவில்லை என்று பேசும்பொழுதெல்லாம் இருவகைத் தொலைவுகளையே கணக்கிடுகின்றனர். ஒன்று வழித்தொலைவு, மற்றொன்று பணத்தொலைவு. இரண்டும் மெய்யானவையே. 2019-ஆம் ஆண்டு நவம்பர் 22-ஆம் நாள் தென்காசி தனி மாவட்டமாயிற்று. 2022 சனவரியில் தமிழ்நாட்டில் 11 புதிய அரசு மருத்துவக் கல்லூரிகள் ஒருசேரத் திறக்கப்பட்டன. விருதுநகர் பெற்றது, திண்டுக்கல் பெற்றது, இராமநாதபுரம் பெற்றது. தென்காசி அப்பட்டியலில் இல்லை. எனவே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் உயர் மருத்துவம் வேண்டுமாயின், இராயகிரியார் இன்றும் ஏறத்தாழ ஐம்பது கல் கடந்து திருநெல்வேலிக்கே செல்கின்றனர். இக்குறை நீங்கவேண்டும் என்பதில் நமக்கு இருகருத்தில்லை.

ஆயினும், நன்றி மறத்தல் நமக்கு அழகன்று. இவ்விரு தொலைவுகளையுங் குறைப்பதில் தமிழ்நாடு செய்தது சிறிதன்று. 1946-இல் போர் என்பார் தலைமையிலான குழு, மருத்துவம் நகரங்களில் முடங்காது ஊர்ப்புறங்களுக்குச் செல்லவேண்டுமென வழிகாட்டிற்று. அவ்வழி எழுந்த தொடக்க நலவாழ்வு நிலையங்கள், சமவெளியில் 30,000 மக்களுக்கு ஒன்று எனவும், துணைநிலையங்கள் 5,000 மக்களுக்கு ஒன்று எனவும் அளவு வகுக்கப்பெற்றன. 1994-இல் அமைந்த தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், மருந்துகளை ஒருசேர வாங்கி அரசு மருத்துவமனைகளுக்கு விலையின்றிச் சென்றடையச் செய்தது. பிற மாநிலங்கள் அதனைப் பார்த்துக் கற்றன. 2008 முதல் 108 ஊர்தி ஓடுகிறது. 2021 ஆகத்து 5-ஆம் நாள் கிருட்டிணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கப்பெற்ற ‘மக்களைத் தேடி மருத்துவம்’ நீரிழிவுக்கும் குருதிக்கொதிப்புக்கும் உரிய மாத்திரைகளை வீட்டு வாயிலுக்கே கொண்டுவந்தது.

மாத்திரை வாயிலுக்கு வந்துவிட்டது. வழித்தொலைவு இல்லை, பணத்தொலைவும் இல்லை. ஆனால், எந்த மாத்திரை எப்பொழுது, எதற்கு, தவறினால் என்னாகும் என்னும் அறிவு மட்டும் வாயிலுக்கு வெளியே நின்றுவிட்டது. இதனையே நாம் மூன்றாந் தொலைவு என்கிறோம். இது மொழித்தொலைவு. சாலை போட்டு இதனைக் குறைக்கவியலாது. பணம் ஒதுக்கியும் தீர்க்கவியலாது. மனம் வைத்தால் ஒரே நாளில் தீர்க்கலாம். மனம் இல்லாமையாற்றான் இத்தனை ஆண்டுகளாகத் தீரவில்லை.

மொழித்தொலைவு ஒருபுறத்தது மட்டுமன்று. மருத்துவர் சொல் நோயர்க்கு எட்டாதிருப்பது போலவே, நோயர் சொல்லும் மருத்துவர்க்கு எட்டாமற் போவதுண்டு. எம் தெற்கத்திச் சீமையில் ‘மேலுக்குச் சரியில்லை’ என்றால் உடல்நலமில்லை என்பது பொருள். ‘குறுக்கு வலி’ என்றால் இடுப்பின் பின்புற வலி. ‘கிறுகிறுப்பு’ வேறு, ‘மயக்கம்’ வேறு. ஆங்கிலவழியில் பள்ளியும் ஆங்கிலவழியில் கல்லூரியும் பயின்ற இளைஞர், தமிழரேயாயினும், இச்சொற்களைக் கேட்டு விழிப்பதை நாம் கண்டதுண்டு. நோயின் வரலாறு நோயர் வாயிலிருந்தே வரவேண்டும். அவ்வாய்க்கும் மருத்துவர் செவிக்கும் இடையே மொழிபெயர்ப்பாளர் நிற்கவேண்டுமெனில் அது யார் நாடு?

பாம்புக்கடியை எடுத்துக்கொள்வோம். கரும்பும் நெல்லும் விளையும் மலையடிவார ஊர்களில் இஃது அன்றாட அச்சம். 2000 முதல் 2019 வரையிலான காலத்தில், இந்தியாவில் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 58,000 பேர் பாம்புக்கடியால் மாண்டனர் என ஆய்வாளர் மதிப்பிட்டுள்ளனர். 2024-இல் தமிழ்நாட்டரசு பாம்புக்கடியைக் கட்டாயம் அறிவிக்கவேண்டிய ஒன்றாக்கியது. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் என்னும் நான்கின் நஞ்சுக்கும் எதிரான மருந்து அரசு மருத்துவமனைகளில் உண்டு. ஆயின், கட்டுவிரியன் இரவில் தரையிற் படுத்துறங்குவாரைக் கடிக்கும். கடிவாயில் வலியும் வீக்கமும் பெரிதும் இராமையால், கடியுண்டவரே அதை அறியாதிருத்தல் கூடும். விடியலில் ‘வயிறு வலிக்குது, இமை சொருகுது’ என்பார். இவ்விரு சொற்களைக் கேட்ட நொடியிலேயே பொருள் விளங்கும் செவி வேண்டும். வயிற்றுவலிக்கு மருந்து கொடுத்து அனுப்பிவிட்டால் மூச்சு நின்றுவிடும். அவ்வாறே, கடிவாயைக் கீறாதே, உறிஞ்சாதே, கயிற்றால் இறுகக் கட்டாதே, கடியுண்ட கைகாலை அசைக்காதே, காலந்தாழ்த்தாது மருத்துவமனைக்குக் கொண்டுசெல் என்னும் ஐந்து கட்டளைகளும் தமிழில், எளிய தமிழில், ஒவ்வொரு களத்துமேட்டிலும் தெரிந்திருத்தல் வேண்டும். அங்கே மருத்துவர் வந்துசேருமுன் உயிரைக் காப்பது அறிவு. அவ்வறிவு தாய்மொழியில் அல்லாது வேறெதில் வரும்?

‘தமிழில் இஃதெல்லாம் நடக்குமா?’ என்று உதடு பிதுக்குவார் உளர். நடந்திருக்கிறது ஐயா, நடந்திருக்கிறது!

‘சொட்டு மருந்து’ என்னும் சொல்லை நினைத்துப் பாருங்கள். அதனை ஆக்கியவர் எவரென நாமறியோம். எழுத்தறியாத தாய்க்கும் அதன் பொருள் விளங்கிற்று. குறித்த ஞாயிற்றுக்கிழமைகளில் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு தாய்மார் வரிசையில் நின்றனர். 2014 மார்ச்சு 27-ஆம் நாள் இந்தியா இளம்பிள்ளைவாதம் ஒழிந்த நாடென அறிவிக்கப்பெற்றது. அறிவியலும் உழைப்பும் அவ்வெற்றியின் உடலென்றால், மக்கள் மொழி அதன் மூச்சு. ‘தடுப்பூசி’யும் அத்தகைய சொல்லே.

மகப்பேற்றைப் பாருங்கள். வீட்டிருளில் பிள்ளை பெற்றுத் தாயும் சேயும் மடிந்த காலம் நம் பாட்டிமார் காலம். 2019–21-இல் நடந்த நாட்டுக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் நூற்றுக்கு 99-க்கும் மேற்பட்ட பேறுகள் மருத்துவ நிலையங்களில் நிகழ்கின்றன. இதற்குக் கரணியங்கள் பல. ஆயினும், வீடுவீடாக நடந்து, திண்ணையில் அமர்ந்து, சூலியின் கையைப் பிடித்து, அவள் மொழியிலேயே நல்லது கெட்டது எடுத்துரைத்த ஊர்ச் செவிலியரின் பங்கை யார் மறுப்பார்? எங்கெல்லாம் மருத்துவம் தமிழ் பேசிற்றோ அங்கெல்லாம் அது வென்றது.

வரலாறும் இதற்குச் சான்று. வீரராசேந்திர சோழன் காலத்தில், ஏறத்தாழ 1069-ஆம் ஆண்டில், காஞ்சிபுரம் மாவட்டத்துத் திருமுக்கூடல் கோயிலில் வெட்டப்பெற்ற கல்வெட்டு, ‘வீரசோழன்’ என்னும் 15 படுக்கைகள் கொண்ட மருத்துவச் சாலையைக் குறிக்கிறது. மருத்துவர், அறுவை செய்வார், மருந்துச்செடி கொணர்வார், நோயரைப் பேணும் பெண்டிர் என ஒவ்வொருவர்க்கும் உரிய ஊதியமும், ஆங்கு இருப்பில் வைக்கவேண்டிய மருந்துகளும் அதில் வரையறுக்கப்பட்டுள்ளன. அச்சாலை கோயிற் பணியாளர்க்கும் அங்குப் பயின்ற மாணவர்க்குமே உரியதாயிருந்தது, உழவர்க்கன்று. மருந்துப் பெயர்களில் வடசொற்களும் மிகுதி. உள்ளதை மறைப்பது நம் நெறியன்று. ஆயினும், நோயர்க்குச் செய்யவேண்டிய கடமை இன்னதென்பதைத் தமிழில், கல்லில், காண்பார் கண்முன் பொறித்து வைக்கும் மரபு நமக்கு இருந்தது என்பதை அக்கல் காட்டுகிறது.

யாழ்ப்பாணத்து மானிப்பாயை அறியாத தமிழர் உளராயின் இன்று அறிக. 1847-இல் அமெரிக்காவிலிருந்து வந்த மருத்துவர் சாமுவேல் கிறீன், தாம் தமிழ் கற்று, தமிழ் இளைஞர்க்கு மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே பயிற்றினார். அறுபதுக்கும் மேற்பட்ட மருத்துவர் அவர்கீழ்ப் பயின்றனர். அவருள் ஒரு பகுதியினர் முற்றுந் தமிழ்வழியிலேயே கற்றவர். உடற்கூற்றியல், அறுவை மருத்துவம், வேதியியல் எனத் துறைதோறும் நூல்கள் தமிழாக்கப்பெற்றன. 1867-இல் ‘இரண வைத்தியம்’ வந்தது, 1872-இல் ‘வைத்தியாகரம்’, 1875-இல் ‘கெமிஸ்தம்’. பெயர்களைக் கண்டே தனித்தமிழ் அன்பர் முகஞ்சுளிப்பர். அச்சொற்கள் நாம் விரும்புஞ் சொற்களல்ல. ஆயினும் ஓர் அயலார், ஒன்றரை நூற்றாண்டுக்கு முன், ‘தமிழனுக்குத் தமிழில் மருத்துவங் கற்பிக்க இயலும்’ என்று செய்துகாட்டினார். அவர் 1873-இல் தாயகந் திரும்பினார்; 1884-இல் மறைந்தார். அவர்க்குப்பின் அம்முயற்சி தொடர்ந்து வளராமற் போயிற்று. அயலார் நட்டதற்கு நாம் நீரூற்றவில்லை. பழியை எவர்மேற் போடுவது?

சப்பானியர் தம் மொழியில் மருத்துவங் கற்கின்றனர், சீனர் கற்கின்றனர், உருசியர் கற்கின்றனர். தமிழிலும், பாடநூற் கழகம் மருத்துவப் பெருநூல்கள் சிலவற்றைத் தமிழாக்க அண்மையாண்டுகளில் முனைந்தது, வரவேற்கிறோம். 2019-இல் நடைமுறைக்கு வந்த புதிய மருத்துவப் பாடத்திட்டம், முதலாண்டு மாணவர்க்கு வட்டார மொழிப் பயிற்சியும் வேண்டுமென்கிறது. அப்பயிற்சி பெயரளவில் நின்றுவிடாது, ‘மேலுக்குச் சரியில்லை’ வரைக்கும் செல்லவேண்டும்.

இந்திய மருத்துவ மன்றமும் 2016-இல் தன் நெறிமுறையைத் திருத்தி, மருந்துகளைப் பொதுப்பெயரால், படிக்கத்தக்க வகையில், இயன்றவரை ஆங்கிலப் பேரெழுத்தில் எழுதுக என்றது. நல்ல விதியே. ஆனால், ‘படிக்கத்தக்க வகையில்’ என்றது யார் படிக்க? மருந்துக் கடைக்காரர் படிக்க! விழுங்கப்போகிறவர் படிக்க வேண்டும் என்னும் எண்ணம் அவ்விதியில் எங்கே? வள்ளுவப் பெருந்தகை மருத்துவத்தை நாற்கூறாகப் பகுத்தபொழுது, நோயுற்றவனையே முதற்கண் வைத்தார்; மருத்துவனையும், மருந்தையும், உடனிருந்து பேணுபவனையும் அடுத்தே வைத்தார். நம் சீட்டுகளிலோ அந்த முதற்கூறுக்கு ஓர் எழுத்தளவு இடமுமில்லை.

நாம் கேட்பது மலையைப் பெயர்க்கும் செயலன்று. மருந்துகளின் உலகப் பொதுப்பெயர்களை இன்றே மாற்றுக என்று நாம் கேட்கவில்லை. மருத்துவர்க்குள் நிகழும் குறிப்பு எம்மொழியிலும் இருக்கட்டும். நோயர் கையிற் போகும் தாள் தமிழில் வேண்டும் என்பதே நம் கேட்பு.

ஒன்று: ஒவ்வொரு மருந்துச் சீட்டிலும், மருந்தின் பெயருக்கு நேரே, எதற்கு, எப்பொழுது, உணவுக்கு முன்னா பின்னா, எத்தனை நாள் என்னும் நான்கும் தமிழில் இருத்தல் வேண்டும். கூட்டத்தில் எழுத நேரமில்லை எனின், இவற்றை முன்னரே அச்சிட்டுவைத்துக் கோடிட்டுக் காட்டலாம். எழுத்தறியாதார்க்குக் கதிரவன், நிலவு, சோற்றுத்தட்டு ஆகியவற்றின் படம் போதும்.

இரண்டு: மாத்திரையிட்டுத் தரும் உறையின்மேலும் அவையே இருத்தல் வேண்டும். அரசு மருந்தகங்கள் தொடங்கட்டும். தனியார் கடைகள் பின்தொடரும்.

மூன்று: அறுவைக்கு முன் ஒப்பம் வாங்குந் தாளும், மருத்துவமனையிலிருந்து விடுவிக்கும்பொழுது தருங் குறிப்பும் தமிழில் அமைதல் வேண்டும். பொருள் தெரியாத தாளில் கைந்நாட்டு வாங்குவது ஒப்பமன்று, ஏய்ப்பு.

தமிழை ஆட்சிமொழியாக்கிய சட்டம் 1956-ஆம் ஆண்டினது. கோப்புகளில் தமிழ் வந்தது. பெயர்ப்பலகையில் தமிழ் வந்தது. உயிர் ஊசலாடுமிடத்தில் மட்டும் தமிழ் ஏன் வரவில்லை?

இறுதியாக, நம்மவர்க்கும் ஒரு சொல். மருத்துவக் கலைச்சொற்களை ஆயிரக்கணக்கில் ஆக்கினோம், அகரமுதலிகளில் அடுக்கினோம், எது தூய்மையெனத் தம்முட் பூசலிட்டோம். அவற்றுள் எத்தனையை உழவன் குடிசைக்குக் கொண்டுசென்றோம்? மக்கள் நாவில் ஏறாத சொல், எத்துணைத் தூயதாயினும், உறையிலிட்ட வாளே. அவர்தம் வாயில் வாழும் சொற்களை நாம் முதலிற் கற்போம்; பின்னர் நம் சொற்களை அவர்க்குத் தருவோம். ஒவ்வோர் ஊரிலும் உள்ள தமிழாசிரியர், கிழமைக்கு ஒருநாள் ஒரு மணிநேரம், மருத்துவரிடமோ செவிலியரிடமோ கேட்டறிந்து, ஊர்மக்களின் மருந்துறைகளில் தமிழ் எழுதித் தரட்டும். தாமே ஊகித்து எழுதுதல் கூடாது, அது பெருந்தீங்கு. கேட்டு எழுதுக. அரசு செய்யுங்காறும் நாம் காத்திருக்க வேண்டா.

அந்த மூதாட்டியின் சீட்டை மறுநாள் அரசு மருத்துவர் ஒருவரிடங் கொண்டுசென்றோம். இளைஞர்; முகஞ்சுளிக்காமல் பொறுமையாக எடுத்துரைத்தார். “நானே தமிழில் எழுதித் தருகிறேன், ஐயா” என்று தாளை வாங்கினார். முதல் வரியில் அவர் கை சற்றே தயங்கிற்று. தமிழில் எழுதி நெடுநாளாயிற்றாம். எனினும் எழுதி முடித்தார். ஐந்தாம் வகுப்புப் படிக்கும் பெயர்த்தி அத்தாளைப் பாட்டிக்கு நாள்தோறும் படித்துக் காட்டுகிறாள். மாத்திரையுண்டு, சோறுண்டு, அதன்பின்னரே வயலுக்குப் போகிறார் அவர்.

ஒரு வீட்டில் ஒரு தாள் தமிழாயிற்று. ஒவ்வொரு வீட்டிலும் அவ்வாறாதல் வேண்டும். எழுதுகோல் மருத்துவர் கையில் இருக்கிறது. ஆணை அரசின் கையில் இருக்கிறது. கேட்கும் உரிமை நம் கையில் இருக்கிறது. கேட்போம்! எழுதும்வரை கேட்போம்!